கடைசலுக்கு வைத்த புள்ளி

தெரு முடிந்து, இதற்குமேல் போக வழியில்லை என்று சாலை திரும்பிக்கொள்கிற முக்கில் ஒரு பட்டறை இருக்கிறது. வாசலுக்கு மேலே நீலப் பலகை. அதில் வெள்ளைப் பெயின்டில் 'கடைசல் வேலை' என்று இரண்டே சொற்கள். எழுத்தெல்லாம் பெயின்ட்தான். 'ல்' மேல் இருக்கிற புள்ளி மட்டும் பித்தளை. எலுமிச்சம்பழப் பருமனுக்குக் கடைந்து, மெருகேற்றி, பின்னால் திருகு மரை வைத்து முடுக்கிய குமிழ். வெயில் ஏறினால் தெருவின் அந்தக் கோடிவரை மின்னும்.

புதிதாக வருகிற யாரும் அதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. பட்டறைக்குச் சொந்தக்காரரான கடைசலார் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். "பெயின்ட் தீர்ந்துபோச்சு" என்பார் ஒருவரிடம். "மழைக்கு அழியாத புள்ளி உலகத்துலயே அது ஒண்ணுதான்" என்பார் இன்னொருவரிடம். இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். உண்மையை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு. எதற்கும் அடங்காத அந்த வாய் அந்த ஓர் உத்தரவுக்கு மட்டும் அடங்கிக் கிடந்தது.

கடைசலார் எதையும் குறைத்துச் சொல்லிப் பழகாதவர். குறைத்துச் சொல்லும்படியாகத் தன்னிடம் எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஒரு அக்கா, மூன்று அண்ணன்கள், அப்புறம் இவர், வீட்டுக்குக் கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சு. பரீட்சையில் கடைசி ஆள். மூன்றும் சேர்ந்து, வாத்தியார் முதல் மணி அடிக்கிறவர்வரை எல்லோருக்கும் இவர் 'கடைசி' ஆனார். "டேய் கடைசி, சாக்பீஸ் எடுத்துட்டு வாடா." "கடைசி இன்னைக்காவது குளிச்சானா பாரு." சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. நாலாம் வகுப்போடு பையைச் சுருட்டிப் பரணில் எறிந்தார். அக்கா எவ்வளவோ கெஞ்சியும் திரும்ப எடுக்கவில்லை.

ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே அந்த முதலாளி, "கடைசல் பழகிக்க, சோத்துக்குக் கஷ்டமில்ல" என்றார். இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கேயும் அந்தப் பெயர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று. அப்புறம்தான் விளங்கியது, அது வேறு சொல். இரும்பையும் பித்தளையையும் சக்கரத்தில் பிடித்துச் சுழலவிட்டு, உளியைக் கொடுத்து, கரடுமுரடான கட்டியை அச்சாகவும் வளையமாகவும் குமிழாகவும் இறக்குகிற வேலை. அன்றைக்கே மனசுக்குள் ஒரு சபதம். கடைசி என்று கூப்பிட்ட வாயெல்லாம் கடைசல்காரர் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட வைத்தார். இருபது வருஷம் பிடித்தது. "ஒரே ஒரு எழுத்தை மாத்த இருபது வருஷம் பாடுபட்டவன் எவனாவது இருக்கானா, காட்டு" என்பார்.

எழுதப் படிக்கவும் தானாகவே கற்றுக்கொண்டார். பஸ்ஸின் நெற்றி, மருந்து டப்பா, சுவர் விளம்பரம் எல்லாம் அவருக்குப் பாடப்புத்தகம். எழுத்து ஒவ்வொன்றையும் கடைந்து இறக்குகிற மாதிரிதான் எழுதுவார். புள்ளி வைக்கும்போது பேனா முனை காகிதத்துக்குள் இறங்க ஒரு குத்து.

முப்பத்து நாலாவது வயதில் சொந்தப் பட்டறை. ஊருக்குத் தெரிய வேண்டாமா? இரண்டாயிரம் நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்குப் போனார். துண்டுத் தாளில் விஷயத்தை எழுதி அச்சக முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னார்: "நாலாம் வகுப்புதான் சார். ஆனா எழுத்தைப் பாருங்க. இதுல ஒரு புள்ளி குறைஞ்சிருந்தா என் மீசையை எடுத்துடறேன்."

மீசை சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கி ஏற்றியது. மிஷினில் நிற்கும்போது தெறிக்கிற இரும்புச் சீவல் பட்டுவிடுமோ என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வார். அச்சகத்தில் இருந்த எல்லோரும் அந்த மீசையை ஒரு தடவை பார்த்தார்கள்.

நோட்டீஸ் காலைப் பேப்பருக்குள் செருகப்பட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்பது மணிக்கு முதல் ஆள் வந்தார். நடுத்தர வயது, சோர்ந்த முகம், கையில் நோட்டீஸ்.

"உக்காருங்க. என்ன வேலை?"

"எங்க பெரியப்பாவுக்குத்தான். டாக்டர் ரெண்டு மூணு நாள்னு சொல்லியிருக்கார்."

"அதுக்கு?"

"குறித்த நேரத்துலன்னு போட்டிருக்கீங்களே. இதுல நேரத்தை எப்படிக் குறிப்பீங்கன்னுதான் வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கடைசலார் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். கொட்டை எழுத்தில் இருந்தது: 'எல்லா வகையான கடைசி வேலைகளும் குறித்த நேரத்தில் சிறப்பாகச் செய்து தரப்படும்.'

அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் அடுத்த ஆள். பழைய மிஷின் வாங்கி விற்கிறவர். கேட்காமலே லேத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "கடைசி வேலைன்னு போட்டுட்டீங்க. மூடுறதா முடிவாயிட்டா என்கிட்டயே குடுத்துடுங்க, நியாயமா எடுத்துக்கறேன்."

அவரை விரட்டிவிட்டு நிமிர்ந்தால் போன் அடித்தது. அக்கா.

"உடம்புக்கு என்னடா? கடைசி வேலைன்னு பேப்பர்ல போட்டிருக்கியாமே. எனக்கு முன்னாடி போயிடலாம்னு பார்க்கறியா?"

"அக்கா, அது அச்சுல வந்த தப்பு."

அந்தப் பக்கம் மூச்சு இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், "அந்தப் பேரு உன்னை விடமாட்டேங்குது பாரு" என்றாள்.

கடைசலார் போனை வைத்தார். இருபது வருஷம் தேய்த்துத் தேய்த்து அழித்த பெயர். இப்போது இரண்டாயிரம் வீட்டு வாசலில் கிடக்கிறது. தப்பு எங்களுடையது, அவருடையது அல்ல என்று அச்சகம் இன்னொரு நோட்டீஸ் அடித்து அதே இரண்டாயிரம் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அதற்குக் குறைவாக எதற்கும் சம்மதிப்பதில்லை என்று கிளம்பினார்.

அச்சக முதலாளி வெளியூர் போயிருந்தார். மறுநாள் பத்து மணிக்குத்தான் வருவாராம். மிஷின்காரர், "பிழை பார்க்கறவங்க உள்ள இருக்காங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்று ஒரு சின்ன அறையைக் காட்டினார். ஜன்னலோரம் மேஜை, மேஜை நிறையத் தாள், நடுவில் தடித்த ஒரு அகராதி, கொண்டையில் செருகிய சிவப்புப் பென்சில். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்தார். பாதிகூட வரவில்லை. அவள் துண்டுத் தாளையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாய்ப் போனது. "எப்படிங்க? மணிமணியா எழுதிக் குடுத்திருக்கேனே."

"கடைசல்னு ஒரு சொல் இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவசரத்துல எழுதிட்டீங்கன்னு நினைச்சேன். கடைசின்னு திருத்திட்டேன்."

"இவ்வளவு தண்டிப் புத்தகம் வச்சிருக்கீங்க. பிரிச்சுப் பார்த்திருக்கலாமே."

அவள் அகராதியைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பினாள். 'கடைசல்' இருந்தது. அதற்கு நேர் கீழே 'கடைசி'. "ஒரு வரி மேல பார்த்திருந்தா போதும்" என்றாள். யாரிடமோ முறையிடுகிற குரல் இல்லை. தன்னையே ஒரு தட்டு தட்டிக்கொள்கிற குரல்.

அகராதி என்பதைக் கடைசலார் அதுவரை கையால் தொட்டதில்லை. குனிந்தார். பக்கம் முழுக்க 'கடை' என்றே ஆரம்பிக்கிற சொற்கள், ஒரே அச்சில் வார்த்த சாமான் மாதிரி. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். கடைக்கண். கடைக்குட்டி. கடைத்தேறு. கடைப்பிடி. கடையாணி. கடைவாய்.

"இவ்வளவு பேரா இந்த வீட்ல?" என்றார். கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"கடைன்னா முனை, முடிவு" என்றாள் அவள். "கண்ணோட முனை கடைக்கண். வாய் முடியுற இடம் கடைவாய். வாசலுக்கும் பழைய தமிழ்ல கடைன்னுதான் பேரு. வீடு முடியுற இடம் இல்லையா. புழக்கடைன்னு சொல்றோமே, அது பின்வாசல் பக்கம்."

"அப்ப சாமான் விக்கற கடை?"

"வாசல்ல வச்சு வித்ததால வந்திருக்கலாம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு உறுதியாத் தெரியாது. கடையறது தனிச் சொல்லா இதுல போட்டிருக்கு. மோர் கடையறது, கீரை கடையறது, உங்க கடைசல் எல்லாம் அந்தப் பக்கம்."

"தனி எப்படி ஆகும்? ஒரு கம்பியைக் கடைஞ்சா என்ன வரும்? முனை வரும். முனைதானே கடைன்னு இப்பச் சொன்னீங்க."

"அது உங்க கணக்கு. புத்தகத்துல அப்படி இல்ல."

"புத்தகம் எழுதினவர் லேத்துல நின்னிருக்காரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. துண்டுத் தாளை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு சார் வந்துடுவார். இதை அப்படியே காட்டிடறேன். நீங்க கேக்கறது நியாயம்."

வெளியே வந்தபோது மிஷின்காரர் மையைத் துடைத்துக்கொண்டே காதைக் கடித்தார். "அண்ணே, நாளையோட அந்தப் பொண்ணுக்கு இங்க வேலை இல்ல. ஏற்கெனவே ரெண்டு தப்பு. மூணாவது வந்தா வீட்டுக்குப் போன்னு சார் போன மாசமே சொல்லிட்டார். படுத்த படுக்கையா அம்மா. அதைக்கூட உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா."

"சொல்லல."

"சொல்ல மாட்டா. அப்படி ஒரு ஆளு."

பட்டறைக்குத் திரும்பிய கடைசலாருக்கு வேலை ஓடவில்லை. கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு புஷ் வளையத்தைக் கடைய ஆரம்பித்து, அளவு தப்பித் தூக்கிப் போட்டார். தப்பு அவளுடையது. அவளே ஒத்துக்கொண்டாள். தன் பெயரோ இரண்டாயிரம் வாசலில் கிடக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றுதான் பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே கிளம்பினார். கையில் கறுப்பு எண்ணெய். கழுவ மறந்தாரா, வேண்டுமென்றே கழுவாமல் போனாரா என்பதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அச்சக முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "வாய்யா. தப்பு யாருதுன்னு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஏம்மா, இவர் எழுதிக் குடுத்த துண்டை எடுத்துட்டு வா."

அவள் கொண்டுவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் நடை தளரவில்லை. முதலாளியின் கைக்குப் போவதற்கு முன்னால் கடைசலார் குறுக்கே கையை நீட்டினார். "ஒரு நிமிஷம் சார். என் எழுத்தை நானே பார்த்துடறேன்."

துண்டுத் தாளில் ஏற்கெனவே ஓரமெல்லாம் அவர் விரல் தடம். பட்டறையில் வைத்து எழுதியது அல்லவா. அதை முகத்துக்கு நேரே பிடித்து, சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டினார். கட்டை விரல் தாளின் நடுவில் போய் அழுந்தி நின்றது. எடுத்தபோது 'ல்' இருந்த இடத்தின் தலையில் வட்டமாக ஒரு கறுப்பு.

"மன்னிக்கணும் சார்" என்றார். "புள்ளி வைக்க விட்டுட்டேன்."

முதலாளி தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "ஒரே எண்ணெயா இருக்கு. கடைசல... கடைசல வேலையா? அப்படி ஒரு சொல்லே இல்லையேய்யா."

"அதான் அந்தம்மா தெரிஞ்ச சொல்லா மாத்தியிருக்காங்க. புள்ளி இல்லாத சொல்லை வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க? தப்பு நம்ம பக்கம்."

"சார், அந்தத் தாள்ல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அம்மா, நாலாம் வகுப்புப் படிச்சவன் எழுத்துங்க. அதுக்குப் போய் நீங்க வக்காலத்து வாங்காதீங்க."

நாலாம் வகுப்பு என்று அவர் வாழ்க்கையில் தலைகுனிந்து சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறவர்.

மூலையில் தாள் வெட்டுகிறவர் தொண்டையைக் கனைத்தார். "சார், மீசை."

முதலாளிக்கு ஞாபகம் வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமாய்யா, இந்த மேஜையைத் தட்டித்தானே சொன்னே. போகுது போ, வச்சுக்க."

"வேண்டாம் சார். சொன்னது சொன்னதுதான்."

எதிர்ச்சாரி சலூனில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் மூன்று தடவை கேட்டார், நிஜமாகவா என்று. முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால், மூக்குக்குக் கீழே காலி மனை கிடந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தெரிந்தவர்கள் வராத சந்தாகப் பார்த்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லோரும் 'கடைசி வேலை' என்றே கேலி செய்தார்கள். ஒருவருக்கும் அவர் பதில் கொடுக்கவில்லை. பதில் கொடுக்காத கடைசலாரைப் பார்த்து அக்கா மறுபடியும் டாக்டரிடம் போகச் சொன்னாள்.

நாலாம் நாள் அச்சகத்துக்கு விடுமுறை. மத்தியானம் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். இவர் அவசரமாகத் துண்டை எடுத்து வாயை மூடினார்.

"பல் வலியா?"

"ஆமா. கடைவாய்ப் பல்."

"நான் பல்லைப் பார்க்க வரல." கைப்பையிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தாள். முன்பக்கத்தைக் காட்டவில்லை. திருப்பிப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "எண்ணெய் இந்தப் பக்கம் ஊறல. இங்க தடவிப் பாருங்க. குண்டூசித் தலை மாதிரி எழும்பி நிக்குது. அவ்வளவு அழுத்தி வச்சிருக்கீங்க புள்ளியை."

"வேற ஏதாவது குத்தியிருக்கும்."

"வேற எது குத்தினாலும் ல-வுக்கு நேர் மேல வந்து குத்துமா?"

கடைசலார் லேத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் அவளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லிடலாம்னு சார் மேஜை வரைக்கும் போனேன்" என்றாள். "சொன்னா உங்க மீசை வீணாப் போயிடுமேன்னு திரும்பிட்டேன். நீங்க கடைஞ்செடுத்த பொய்க்காரர்."

"கடைஞ்செடுத்தன்னு சொல்றீங்களே, அது எந்தப் பக்கத்துச் சொல்லு? உங்க முனைப் பக்கமா, என் மிஷின் பக்கமா?"

"உங்க பக்கம்தான். சந்தேகமே இல்ல."

அப்புறம் கடைசல் என்றால் என்னவென்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு பித்தளைக் கட்டியைச் சக்கரத்தில் மாட்டினார். மிஷின் ஓடியது. உளி தொட்டதும் பொன்னிறச் சீவல் சுருள் சுருளாகக் கிளம்பியது. கறுத்துக் கிடந்த கட்டிக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு உருண்டை வெளியே வந்தது. அவள் தள்ளி நின்று பார்த்தவள், பக்கத்தில் வந்து பார்த்தாள். "இந்தச் சொல்லா எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

அதிலிருந்து விடுமுறை தவறாமல் ஏதாவது ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் ஒன்று வைத்திருப்பார். "கடையாணின்னா வண்டிச் சக்கரம் கழலாம அச்சு முனையில அடிக்கறது. அது முனைப் பக்கம்" என்பாள் அவள். "நான் எத்தனை அடிச்சுக் குடுத்திருக்கேன், அது என் பக்கம்" என்பார் இவர். சாக்கடையில் இருக்கிற கடை எந்தப் பக்கம் என்று ஒரு மாதம் சண்டை. இரண்டு பேருமே தங்கள் பக்கம் வேண்டாம் என்றார்கள். மீசையும் மெல்ல மெல்ல முளைத்துக்கொண்டு வந்தது.

முறுக்குகிற அளவுக்கு வளர்ந்த அன்றைக்குத்தான் கடைசலார் துணிந்தார். அவள் அம்மாவையும் கூட வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி முதலில் சொன்னார். இருக்கிற இரண்டு அறையைப் பற்றிச் சொன்னார். பிறகு தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "இந்த வட்டாரத்துல என்னை மாதிரி கடைசல் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு நூல் தப்பாது. தூக்கத்துல எழுப்பி உளியைக் கையில குடுங்க..."

"கடைசல் பிடிக்கத் தெரியும், பார்த்துட்டேன்" என்றாள் அவள். "கடைப்பிடிக்கத் தெரியுமா?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. அகராதியின் அந்தப் பக்கம் கண்ணுக்குள் வந்தது. சொன்ன சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வது. மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு புள்ளிக்காக இதையே எடுத்தவன்" என்றார்.

"அப்ப ஒண்ணு கடைப்பிடிங்க. நான் அந்த அச்சகத்துல இருக்கற வரைக்கும் அந்தப் புள்ளி விஷயம் வெளிய வரக்கூடாது. உங்க வாயைப் பத்தி ஊருக்கே தெரியும்."

அக்கா வந்து பார்த்துப் பேசி முடித்தாள். "என் தம்பிக்கு வாய் நீளம். மத்தபடி தங்கம்" என்று சொன்னாள். "வாயை நான் பிழை பார்த்துக்கறேன் அண்ணி" என்றாள் இவள்.

பலகை எழுத வந்த பெயின்டரிடம் கடைசலார் 'ல' வரைக்கும் எழுதிவிட்டுப் புள்ளியை விட்டுவிடச் சொன்னார். அன்றைக்கு அவள் பார்க்கக் கடைந்த அந்தப் பித்தளை உருண்டையை யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார். மரை போட்டார். ஏணியை அவர் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி முடுக்கினாள். "போதுமா?" என்று மேலிருந்து கேட்டாள். "இன்னும் ரெண்டு சுத்து. யார் கட்டை விரலும் மறைக்க முடியாதபடி" என்றார் கீழிருந்து.

போன வாரம் அவர் மனைவி ஓய்வு பெற்றார். மாலையும் கையுமாக அச்சகத்திலிருந்து நேரே பட்டறைக்கு வந்து, உள்ளே மேஜை முன்னால் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு புது ஆள், பம்ப்பு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் பெயின்ட். அந்தப் புள்ளி மட்டும் ஏன் பித்தளை?"

கடைசலார் வழக்கம்போல் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மாள் கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, தலையை லேசாக அசைத்தார்.

"உக்காருங்க" என்றார் கடைசலார், மிஷினை நிறுத்திவிட்டு. "கொஞ்சம் நேரமாகும். இருபத்தேழு வருஷமா உள்ள வச்சிருக்கேன்."